பின் சீட்டுக்கு அடியில் ஒரு டொக்

சத்தத்தை முதலில் கேட்டது அம்மாதான். தை அமாவாசைக்கு மாசாணியம்மன் கோவிலுக்குக் கூட்டிப் போய்விட்டுத் திரும்பும்போது, ஆனைமலை ஊருக்குள் ஒரு வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியது. "ஏங் கண்ணு, எங் காலுக்கடியில என்னமோ தட்டுதே" என்றார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. "ரோடு அப்படிம்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அடுத்த வாரமும் சொன்னார். அதற்கடுத்த வாரம் இடது பக்கம்தான் என்று இடத்தையே காட்டினார்.

அப்புறம் ஒரு நாள் சாயந்திரம் சாவியை மனைவியிடம் கொடுத்துவிட்டு, அம்மா உட்காரும் இடத்தில் நான் போய் உட்கார்ந்தேன். வேட்டைக்காரன்புதூர் ரோட்டில் இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகவேண்டாம் என்று சொல்லியிருந்தேன். கண்ணாடியை இறக்கிவிட்டு, இரண்டு பாதத்தையும் தரையில் பதித்துக்கொண்டேன். ரோட்டோரப் பள்ளத்தில் இடது சக்கரம் மட்டும் இறங்கியபோது, பாதத்தில் சுத்தியல் வைத்தது போல ஒரு 'டொக்'. சாய்வாக வேகத்தடை ஏறினால் இரண்டு 'டொக்'. இரண்டு சக்கரமும் ஒரே சமயத்தில் நேராக ஏறினால் சத்தம் பாதியாகக் குறைந்தது. அம்மா சொன்னது அத்தனையும் சரி. பின் சீட்டில் உட்காருபவர்கள் ஏதாவது கேட்கிறது என்றால், உடனே இடம் மாறி உட்கார்ந்து பாருங்கள். பழைய வண்டியில் முதல் பரிசோதனை அதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

வண்டி அப்பா 2003இல் வாங்கிய மாருதி 800. வெள்ளை. 15 வருஷம் முடிந்து 2018இல் ஒரு தடவை, 2023இல் ஒரு தடவை ஆர்.சி. புதுப்பித்தாயிற்று. இரண்டாவது தடவை கட்டணம் மட்டுமே 5000 ரூபாய். 2022 ஏப்ரலில் ஏற்றியது. "இதுக்குப் போய் அவ்வளவு கட்டணுமா?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. அப்பா இருந்தவரை தோப்பிலிருந்து தேங்காயை டிக்கியிலும் பின் சீட்டிலும் அடைத்துப் பொள்ளாச்சிக்குக் கொண்டுபோவார். வண்டியின் எடையே சுமார் 650 கிலோ. அதில் பின்னால் மட்டும் இரண்டு மூட்டை தேங்காயும் இரண்டு ஆளும் ஏறினால் பின்பக்க ரப்பர்கள் என்ன பாடுபட்டிருக்கும் என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை. அந்த வண்டியில்தான் நான் ஓட்டப் பழகினேன், அதில்தான் என் மகளைப் பிரசவம் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். விற்கும் எண்ணம் இல்லை.

என் வேலை ஸ்பின்னிங் மில்லில் பராமரிப்பு ஃபிட்டர், 24 வருஷம். நீளத் திருப்புளியின் முனையைப் பேரிங் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டுப் பழகியவன். அப்படியிருந்தும் காரின் அடிப்பக்கத்தை அதுவரை நானாகப் பார்த்ததே கிடையாது என்பதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. வொர்க்‌ஷாப்பில் விட்டால் பார்த்துக்கொள்வார்கள் என்று இருந்துவிட்டேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே போல லேசாகச் சத்தம் வந்தபோது, விட்ட இடத்தில் பின் ஷாக் இரண்டையும், அதாவது குலுக்கலை அடக்கும் ஷாக் அப்சார்பரை, மாற்றினார்கள். பத்து நாள் அமைதி. மறுபடி வந்தது. ஷாக்கில்தான் கோளாறு என்று மறுபடி ஒரு ஜோடி மாற்றினார்கள். இந்தத் தடவை கேட்டதற்கு, "ஸ்பிரிங் மாத்திப் பார்க்கலாங்க" என்றார்கள். 'பார்க்கலாம்' என்ற அந்தச் சொல்தான் எனக்குப் பிடிக்கவில்லை. மில்லில் ஒரு மெஷின் சத்தம் போட்டால் எந்த பார்ட் என்று தெரியாமல் ஸ்டோரிலிருந்து ஒரு ஸ்க்ரூ கூட எடுக்க மாட்டோம்.

கீழே என்ன இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது தெரிந்தால் சத்தம் பாதி விளங்கிவிடும். எங்கள் வண்டியில் பின் சக்கரம் இரண்டையும் ஒரே இரும்புக் குழாய் போன்ற ஆக்சில் சேர்க்கிறது. ஆக்சிலுக்கு மேல் இரண்டு சுருள் ஸ்பிரிங், கூடவே இரண்டு ஷாக். ஸ்பிரிங் எடையைத் தாங்கும், ஆனால் ஆக்சிலை ஓரிடத்தில் பிடித்து வைக்காது. பிடித்து வைப்பது மூன்று கைகள். இரண்டு கைகள் பாடியிலிருந்து பின்னோக்கி வந்து ஆக்சிலைப் பிடிக்கின்றன. ட்ரெய்லிங் ஆம் என்பார்கள். ஆக்சில் முன்னே பின்னே போகாமல் காப்பது அவை. மூன்றாவது, குறுக்கே படுத்திருக்கும் ஒரு ராடு. ஒரு முனை ஆக்சிலில், மறு முனை பாடியில். ஆக்சில் இடம் வலமாக நகராமல் பிடிப்பது இந்த ஒன்றே ஒன்றுதான். கடையில் லேட்டரல் ராடு என்று கேட்க வேண்டும். மூன்று கைகளுக்கும் மொத்தம் ஆறு முனை, முனைக்கு ஒரு ரப்பர் புஷ், அதாவது நடுவே போல்ட் போகும் ரப்பர் வளையம். ஷாக்கின் மேலும் கீழும் வேறு ரப்பர்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கெல்லாம் களத்துச் சிமென்ட் தரையில் வண்டியை நிறுத்திவிட்டேன். மண் தரையில் இந்த வேலை கூடாது. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகள் டார்ச்சோடு வந்தாள். அவளிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, நான் சொல்லச் சொல்ல எழுதச் சொன்னேன்.

ஜாக்கியைத் தொடுவதற்கு முன்பே பார்க்க நிறைய இருக்கிறது. டிக்கியைக் காலி செய்துவிட்டு, சக்கரத்தின் நடுவிலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை டேப்பால் அளந்தேன். வலது பக்கம் 32 சென்டிமீட்டர், இடது பக்கம் 30.5. தரையிலிருந்து அளந்தால் டயர் காற்று, தேய்மானம் எல்லாம் கணக்கில் கலந்துவிடும். நடுவிலிருந்து அளந்தால் ஸ்பிரிங் மட்டும்தான் பேசும். ஒன்றரை சென்டிமீட்டர் இடது பக்கம் இறங்கியிருக்கிறது. அடுத்து டயர். உள்ளங்கையை டயரின் மேல் முன்னும் பின்னும் ஓட்டினால் மேடு பள்ளமாக, சின்னச் சின்னக் குழியாகத் தட்டுப்பட்டால் ஷாக் சக்கரத்தைத் தரையில் அழுத்திப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். எங்கள் டயரில் அது இல்லை. டிக்கிப் பக்கம் இரண்டு கையாலும் அமுக்கி விட்டேன். ஒரு தடவை எழுந்து அப்படியே நின்றது. ஆக ஷாக் நன்றாகத்தான் இருக்கிறது. புதுசு அல்லவா! ஆனால் இந்த அமுக்கிப் பார்க்கும் சோதனை ஷாக்கைப் பற்றி மட்டும்தான் சொல்லும், புஷ்ஷைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது. வொர்க்‌ஷாப்பில் செய்தது அதோடு நின்றுவிட்டது என்று நினைக்கிறேன்.

சரி, குறுக்கு ராடு. இதற்கு வண்டி நாலு சக்கரத்திலும் தரையில் நிற்க வேண்டும், தூக்கக் கூடாது. நான் பின் பம்பருக்குப் பின்னால் சாக்கை விரித்துப் படுத்து டார்ச் அடித்தேன். மகளை வண்டியின் பக்கவாட்டில் நிறுத்தி, மேற்கூரை ஓரத்தைப் பிடித்து மெதுவாக இப்படியும் அப்படியும் ஆட்டச் சொன்னேன். பாடி ஆடியது, சக்கரம் நின்றது. ராடு நேராக இருந்தது. ஆக்சில் பக்கத்து முனையில் ரப்பர் லேசாக நெளிந்து திரும்பியது. அது சரியான அசைவு. பாடி பக்கத்து முனையைப் பார்த்தேன். மேலே பட்டிருந்த சேற்றுப் படிவத்தில் ஒரு கோடு விட்டிருந்தது. ஆட்ட ஆட்ட அந்தக் கோடு திறந்து மூடியது.

"நீ வந்து பாரு, நான் ஆட்டுறேன்" என்று இடம் மாறினோம். அவள் படுத்துக்கொண்டு, சொல்லாமலே விரலை நீட்டி அந்த முனையின் மேல் வைத்தாள். ஜாக்கியில் இல்லாத வண்டி என்பதால் பயமில்லை. நான் ஆட்டினேன்.

"அப்பா, வெளிய இருக்கிற வளையம் தனியா போகுது, நடுவுல போல்ட் தனியா நிக்குது."

"எவ்வளவு?"

"என் நகம் தடிமன் இருக்கும்."

அந்த முனையைத் துணியால் துடைத்தபோது எல்லாம் தெரிந்தது. புஷ் என்பது வெளியே ஓர் இரும்பு வளையம், உள்ளே போல்ட் போகும் ஓர் இரும்புக் குழல், இரண்டுக்கும் நடுவே ஒட்டி வார்த்த ரப்பர். நம் வண்டியில் குழல் நடுவில் இல்லை. ஒரு பக்கமாகச் சரிந்து வளையத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் ரப்பர் அரைத்துப் பொடியாகி, கறுப்பு மாவாகப் பிராக்கெட்டின் மேல் படிந்திருந்தது. அதோடு செந்துருப் பொடி. இரும்பும் இரும்பும் உரசிய இடத்தில் பிறை நிலா வடிவத்தில் ஒரு தேய்வு. சுற்றியுள்ள எல்லாம் மண் நிறம், அந்தப் பிறை மட்டும் எவர்சில்வர் பாத்திரம் போலப் பளபளத்தது. துருப் பிடித்த இடத்தில் எங்காவது பளபளப்புக் கண்டால் அங்கே ஏதோ இன்றைக்கும் ஆடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். மில்லிலும் அதைத்தான் தேடுவோம்.

இந்த ராடு ஏன் முதலில் போகிறது என்பதற்குக் காரணம் இருக்கிறது. ராடின் ஒரு முனை பாடியில் நிலையாக இருப்பதால், ஆக்சில் மேலும் கீழும் போகும்போது மறு முனை நேர்கோட்டில் போகாது, வில் போல வளைந்து போகும். அதனால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஆக்சில் ஒரு நூல் பக்கவாட்டிலும் நகர்கிறது. ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் விழுந்தால் தள்ளு இன்னும் அதிகம். அந்த இழுபறி முழுவதும் இந்த இரண்டு ரப்பரின் தலையில்தான். ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு ஏறும்போது 40 கொண்டை ஊசி வளைவு. போன மே மாதம் அங்கே போனபோது, ஸ்டியரிங்கைத் திருப்பிய பிறகு வண்டியின் பின்பக்கம் ஒரு கணம் கழித்துத் திரும்புவது போல இருந்தது. டயரில் காற்றுக் குறைவு என்று நினைத்து, அட்டகட்டியில் நிறுத்திக் கையால் அழுத்திப் பார்த்தேன். அப்போதே இது வாய் திறந்து சொல்லியிருக்கிறது.

ஒன்று கிடைத்துவிட்டது என்று எழுந்துவிடாமல் மிச்சத்தையும் பார்த்ததுதான் அன்றைக்கு நான் செய்த நல்ல காரியம்.

தூக்குவதைப் பற்றி ஒரு வார்த்தை. வண்டியோடு வரும் ஜாக்கி டயர் மாற்றத்தான். அதை மட்டும் நம்பி ஒரு கையைக் கூட உள்ளே விடாதீர்கள். முன் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, கியரில் போட்டு, பின்பக்கம் இரண்டு இரும்பு ஸ்டாண்டு வைத்தேன். ஹாலோ பிளாக் கல்லை அடுக்கி வேலை பார்ப்பவர்களை ஊரில் நிறையப் பார்க்கிறேன். அந்தக் கல் விரிசல் விட்டு எச்சரிக்காது, ஒரே நொடியில் நொறுங்கிவிடும். ஸ்டாண்டு வைத்த பிறகும் வண்டியைத் தோளால் முட்டி அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் படுப்பேன். மகளை உள்ளே வர விடவில்லை.

முதலில் ஸ்டாண்டைப் பாடிக்கு அடியில் கொடுத்தேன். ஆக்சில் தன் போக்கில் கீழே தொங்கியது. இந்த நிலையில் ட்ரெய்லிங் ஆமின் முன் முனை புஷ்களைப் பார்த்தேன். மேலே சின்னச் சின்ன வெடிப்பு, இருபது வருஷ ரப்பரில் இருப்பது போல. அது ஒன்றும் இல்லை. ஆனால் இவை இருபது வருஷ ரப்பர் இல்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் மாற்றியவை. நோட்டில் "முன் புஷ் பரவாயில்லை" என்று எழுதச் சொன்னேன்.

அடுத்து ஷாக்கின் அடி போல்ட்டைப் பார்ப்பதற்காக ஸ்டாண்டை ஆக்சிலுக்கு அடியில் மாற்றினேன். இப்போது வண்டியின் எடை ஸ்பிரிங் மேல், தரையில் நிற்பது போலவே. டார்ச் தற்செயலாக இடது ஆமின் முன் முனை மேல் பட்டது. பத்து நிமிடத்துக்கு முன்னால் 'பரவாயில்லை' என்று எழுத வைத்த அதே புஷ். இப்போது அதில் ஒரு பிளவு. குழலைச் சுற்றி அரைவட்டமாக, திருப்புளியின் நுனி அரை அங்குலம் உள்ளே போகும் ஆழத்துக்கு வாய் திறந்திருந்தது. வலது பக்கமும் அதே இடத்தில், அதே திசையில், ஆழம் மட்டும் குறைவு.

சிறிது நேரம் அப்படியே படுத்திருந்தேன். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கிழிந்தால் அது பாரத்தால் வந்த கிழிசல் இல்லை, முறுக்கால் வந்தது. இந்த புஷ் பேரிங் மாதிரி சுற்றும் சாமான் அல்ல. போல்ட்டை இறுக்கினால் உள் குழல் பிராக்கெட்டோடு ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். ஆம் மேலும் கீழும் போகும்போது நடுவிலுள்ள ரப்பர்தான் முறுக்கிக்கொடுத்து மறுபடி பழைய நிலைக்குத் திரும்பும். ஆகவே எந்த நிலையில் போல்ட்டை இறுக்குகிறோமோ அந்த நிலைதான் ரப்பருக்கு ஓய்வு நிலை. வண்டியை லிஃப்ட்டில் ஏற்றி, சக்கரம் தொங்கும்போது புஷ் மாட்டி, அப்படியே இறுக்கிவிட்டால் என்ன ஆகும்? தொங்கும்போது ரப்பர் ஓய்வாக இருக்கும். கீழே இறக்கியதும் முறுக்கிக்கொள்ளும். ஷெட்டில் சும்மா நிற்கும்போது கூட முறுக்கிக்கொண்டே நிற்கும். அதற்கு மேல் பள்ளம், தேங்காய், ஆட்கள். புது ரப்பர் நாலு வருஷம் தாங்கியதே பெரிசு.

நாலு வருஷத்துக்கு முன்னால் மாற்றிய அன்று நான் அந்த வொர்க்‌ஷாப் வாசலில் டீ குடித்துக்கொண்டு நின்றேன். வண்டி மேலே இருக்கும்போதே ஸ்பேனர் போட்டு முழுக்க இறுக்கி, பிறகு இறக்கினார்கள். என் கண்ணால் பார்த்தேன். அப்போது எனக்கு அது தவறாகப் படவில்லை. செய்தவர் கை சுத்தமான ஆள்தான், அவருக்கும் யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். ஆனால் இதைத் தெரியாமல் எத்தனை வண்டியில் எத்தனை நல்ல ரப்பர் வீணாகிறது என்பதை நினைத்தால் மனசு கேட்கவில்லை. சோதிக்கும்போதும் இதே சிக்கல்தான். லிஃப்ட்டில் தொங்கவிட்டுப் பார்த்தால் இப்படிப்பட்ட கிழிசல் வாயை மூடிக்கொள்ளும். "புஷ் நல்லாருக்குங்க" என்று நல்ல மனசோடே சொல்லிவிடுவார்கள். எடை ஏறிய நிலையிலும் ஒரு தடவை பார்த்தாக வேண்டும்.

பின் முனை புஷ் இரண்டையும் சின்னக் கடப்பாரையால் நெம்பிப் பார்த்தேன். ரப்பர் நெளிந்து கொடுத்தது, இரும்பு தட்டவில்லை. அவை வண்டியோடு வந்தவை, 2003இல் மாட்டியவை. இன்னும் உயிரோடு இருக்கின்றன. தொழிற்சாலையில் சரியான நிலையில் இறுக்கியிருப்பார்கள்.

மற்றவற்றை வேகமாகச் சொல்கிறேன். ஆம் பாடியோடு சேரும் பிராக்கெட்டைச் சுற்றித் திருப்புளிக் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போனேன். 'டிங்' என்றால் தகடு கெட்டி, 'பொத்' என்றால் உள்ளே துரு தின்றுவிட்டது. தோப்பு மண் எப்போதும் ஈரம். அது அந்த மூலையில்தான் அடைந்து கிடக்கும். எங்களுக்கு மேல் துரு மட்டும். சுரண்டி ரெட் ஆக்சைடு அடித்தேன். அந்த இடத்தில் ஓட்டை விழுந்திருந்தால் புஷ் வாங்கும் முன் வெல்டரைத்தான் பார்க்க வேண்டும், ஆமே பிய்ந்து வந்துவிடும். அடிமட்டத்தில் முட்டும் பம்ப் ஸ்டாப் ரப்பர் இடது பக்கம் பாதி உதிர்ந்து போயிருந்தது. பாரம் ஏற்றினால் கேட்கும் 'தொம்' என்ற கனத்த சத்தம் அதுதான். அதையும் 'டொக்'கையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 'டொக்' வறண்டு, கூர்மையாக இருக்கும், வயிற்றில் இறங்காது. ஷாக் இரண்டிலும் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு, அதன் மேல் தூசி. அது வழக்கம். எண்ணெய் கோடாக வழிந்து அடியில் சொட்டினால்தான் கவலை. சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினேன், பேரிங்கில் ஆட்டம் இல்லை. ஒரு கையால் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு மறு கையை ஸ்பிரிங் சுருளின் மேல் வைத்துப் பாருங்கள். பேரிங் கெட்டிருந்தால் காதுக்குக் கேட்பதற்கு முன்பே கைக்கு அரைவது தெரியும். பிரேக் ஹோஸை மடக்கிப் பார்த்தேன், வெடிப்பு இல்லை.

சாமான் வாங்கக் கோயம்புத்தூர் போனேன். மாருதி 800 தயாரிப்பு 2014 ஜனவரியிலேயே நின்றுவிட்டது என்றாலும் புஷ் கிடைக்கிறது, அது பெரிய ஆறுதல். முதல் கடையில் கொடுத்த புஷ்ஷில் நகத்தை அழுத்தினேன், பதியவே இல்லை. மரக்கட்டை மாதிரி இருந்தது. பாக்கெட்டில் எழுத்துப் பிழை வேறு. வேண்டாம் என்று வந்துவிட்டேன். இரண்டாவது கடையில் கிடைத்தது நகம் பதிந்து உடனே மேலெழும்பியது, குழலைச் சுற்றி ரப்பர் ஒட்டிய ஓரம் சீராக இருந்தது. குறுக்கு ராடுக்கு இரண்டு முனைக்கும், ஆமுக்கு முன் முனை இரண்டு, பம்ப் ஸ்டாப் ஒரு ஜோடி, எல்லாவற்றுக்கும் புது போல்ட் நட்டு. அனைத்தும் சேர்ந்து, இரண்டு தடவை ஷாக்குக்குக் கொடுத்ததில் கால் பங்கு கூட வரவில்லை.

பழைய புஷ்ஷைச் சுத்தியலால் அடித்துக் கழற்றாதீர்கள். ஆமின் வளையம் முட்டை வடிவமாகிவிட்டால் புதுசு உள்ளே நிற்காது. தெரிந்த லேத் பட்டறையில் பிரஸ்ஸில் வைத்துத் தள்ளி எடுத்து, புதுசை அதிலேயே அழுத்திக்கொண்டோம். வளையத்தின் உள்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து, சோப்புத் தண்ணீர் தடவினேன். கிரீஸ் தடவக் கூடாது, ரப்பர் ஊறிப் போகும்.

மாட்டியபோது எல்லா போல்ட்டையும் விரலால் போகும் வரை மட்டும் திருகினேன். ஸ்டாண்டு ஆக்சிலுக்கு அடியில், எடை ஸ்பிரிங் மேல். அப்புறம் டிக்கியைத் திறந்து, நாங்கள் வழக்கமாக ஏற்றும் அளவுக்கு இரண்டு அரிசி மூட்டையை வைத்தேன். பாடியை நாலைந்து தடவை அமுக்கி விட்டு, ஸ்பிரிங் தன் இடத்தில் உட்கார்ந்த பிறகுதான் ஸ்பேனரை எடுத்தேன். இறுக்கி முடித்ததும் ஒவ்வொரு நட்டின் மேலும் பிராக்கெட்டின் மேலும் சேர்த்து வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்தேன். நட்டு ஒரு நூல் நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். மில்லில் ஃபவுண்டேஷன் போல்ட்டுக்குச் செய்வது.

அடுத்த அமாவாசைக்கு அம்மாவைக் கூட்டிப் போனேன். நான் ஒன்றும் கேட்கவில்லை. அதே வேகத்தடை தாண்டியதும் அவரே முன் சீட்டைத் தொட்டு, "பண்ணீட்டயா?" என்றார். "பண்ணீட்டேம்மா" என்றேன். திரும்பி வரும் வழியில் கண்ணயர்ந்துவிட்டார்.

500 கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி சாக்கை விரித்துப் படுத்துப் பார்த்தேன். வெள்ளைக் கோடு எல்லாம் நேராக இருக்கிறது. பிறை நிலா இருந்த முனையில் இப்போது பளபளப்பு எதுவும் இல்லை. மகளின் நோட்டில் இன்னும் ஒரு வரி மிச்சம்: இடது ஸ்பிரிங், ஒன்றரை சென்டிமீட்டர். அதை மட்டும் மாற்றினால் புதுசு போட்ட பக்கம் தலை தூக்கும், ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். சுருளை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஸர் என்னிடம் இல்லை, அது இல்லாமல் ஸ்பிரிங்கைத் தொட மாட்டேன். மில்லில் ஒரு நண்பர் தன்னிடம் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். ஆடி பதினெட்டுக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை.